செங்காந்தள் வரைய இந்த ஆயில் பெயிண்ட் செட் தேறுமா? வெட் ஆன் வெட் முறைக்கு ஒரு மதிப்பீடு

ஆயில் பெயிண்டிங் பழக விரும்புகிறவர்கள் முதலில் வாங்குவது ஸ்டார்ட்டர் செட்தான். 9 அல்லது 12 மி.லி. அளவில் பன்னிரண்டு ட்யூப், 12×16 இன்ச் கேன்வாஸ் போர்டு, ஐந்தாறு பிரஷ், நிறம் கலக்கும் பிளாஸ்டிக் தட்டு (பேலட்), ஒரு கத்தி, சின்ன பாட்டிலில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), கூடவே 'லிக்விட் ஒயிட்' என்று ஒரு வெள்ளைத் திரவம். பெட்டி மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். அதனால் இங்கே பெயரை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் பார்க்கிறோம். எடுத்துக்கொண்ட பூ செங்காந்தள். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று தோட்டத்தில் பயிராகும் அதே கொடி, கிளுவை வேலியில் தானாகவும் ஏறி நிற்பது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, நடுவில் எங்கே மாறியது என்றே தெரியாத ஆரஞ்சு. ஈரப் பெயிண்ட் மேல் ஈரப் பெயிண்டை இழுத்து ஒரே உட்காரலில் முடிக்கும் வெட் ஆன் வெட் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பூ நம் பக்கத்தில் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். செட்டில் பாதிதான் தேறும். மஞ்சள் பரவாயில்லை. சிவப்பு பெட்டிக்குப் பெட்டி மாறும், பார்த்துத்தான் எடுக்க வேண்டும். போர்டை அப்படியே பயன்படுத்த முடியாது, அரை நாள் வேலை இருக்கிறது. அந்த வெள்ளைத் திரவத்தைச் செங்காந்தளுக்குத் திறக்கவே வேண்டாம்.

வெள்ளையை ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வரைகிறவர்களின் பூ வெளிறிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லிக்விட் ஒயிட் என்பது டைட்டானியம் ஒயிட்டை லின்சீட் ஆயிலில் நெகிழ வைத்தது, அவ்வளவுதான். அதைப் போர்டு முழுக்க மெல்லியதாகப் பூசிவிட்டு அதன் மேல் வரைந்தால், மேலே வைக்கிற ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை ஏறிக்கொள்ளும். டிவியில் இந்த முறையைப் பரப்பிய பில் அலெக்சாண்டரும் பாப் ராஸும் அதிகம் வரைந்தது பனிமலையும் மேகமும் ஏரியும். வானம் மேலிருந்து கீழே வெளுத்துக்கொண்டே வர வேண்டும், மலையடியில் மூட்டம் தெரிய வேண்டும் என்றால் அந்த வெள்ளை தானாகவே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். செங்காந்தளில் நிலைமை தலைகீழ். சிவப்பில் வெள்ளை ஏறினால் ரோஸ் ஆகிவிடும். ஆரஞ்சில் ஏறினால் பழைய பெயிண்ட் அடித்த சுவர் நிறத்துக்கு இறங்கிவிடும். அதைச் சரிசெய்ய மேலே மேலே சிவப்பு வைப்பார்கள், பெயிண்ட் தடித்து வழுக்கும், இதழ் ஓரம் கரைந்து உருவமே போய்விடும். நந்தியாவட்டை, வெள்ளை அரளி, பவளமல்லி வரைகிறீர்கள் என்றால் லிக்விட் ஒயிட் நல்ல துணை. செங்காந்தள், செம்பருத்தி, கல்வாழை மாதிரி அடர் நிறப் பூக்களுக்கு நிறமில்லாத எண்ணெய்தான் அடிப்பூச்சாக இருக்க வேண்டும்.

அதற்குத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. செட்டில் வருகிற ரிஃபைண்ட் லின்சீட் ஆயிலே போதும். 12×16 போர்டுக்கு அரை டீஸ்பூன், அதாவது 2.5 மி.லி. அளவு. 2 இன்ச் பிரஷால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துப் பரப்பிவிட்டு, சுத்தமான துணியால் ஒரு முறை மெதுவாக ஒற்றி எடுங்கள். விரல் நுனியை வைத்துப் பார்த்தால் ரேகைப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கக் கூடாது, மேட்டில் மட்டும் லேசாகப் பளபளக்க வேண்டும். எண்ணெய் கூடிவிட்டால் பிரஷ் வழுக்கிக்கொண்டே போகும், பெயிண்ட் போர்டில் உட்காராது. குறைந்தால் பிரஷ் இழுபடும், மஞ்சளும் சிவப்பும் கலக்காமல் கோடு கோடாக நிற்கும். இரண்டில் குறைந்திருப்பதே மேல், இன்னும் ஒரு சொட்டு சேர்த்துக்கொள்ளலாம். செட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பெயிண்ட் கடையில் 'பாயில்டு லின்சீட்' வாங்கிவிடாதீர்கள். அது கதவு ஜன்னலுக்கு. சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், நாளடைவில் மஞ்சள் பாரித்துக் கறுக்கும்.

அடுத்து போர்டு. விலை குறைந்த போர்டில் இருக்கும் குறை மேலே பூசிய ஜெஸ்ஸோ என்ற வெள்ளை ப்ரைமர்தான். ஒரே கோட், அதுவும் தண்ணீராக. பார்க்க வெள்ளையாக இருக்கும், எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தள்ளும். மூலையில் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். சொட்டு அப்படியே பளபளப்பாக நின்றால் போர்டு நல்லது. உள்ளே இறங்கி, சுற்றிலும் எண்ணெய்க் கறை பரவியிருந்தால் நீங்கள் பூசுகிற அடிப்பூச்சும் அப்படித்தான் இறங்கும், மூன்றாவது இதழ் வரைவதற்குள் போர்டு காய்ந்துவிடும். அப்படிப்பட்ட போர்டுக்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு கோட் கொடுக்க வேண்டும், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. முதல் கோட் நன்றாகக் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது. ஒரு நாள் விட்டுத்தான் ஆயில். வெயில் காலமாக இருந்தாலும் அந்த ஒரு நாளைக் குறைக்க வேண்டாம். சிலர் ஈரோட்டிலோ பல்லடத்திலோ காடாத் துணி எடுத்துச் சட்டத்தில் அடித்துக்கொள்கிறார்கள். பென்சில் கோட்டுக்கும் அக்ரிலிக்கிற்கும் அது ஓடும். வெட் ஆன் வெட்டில் பிரஷை அழுத்தித் தள்ளும்போது மெல்லிய துணி நடுவில் தொய்ந்து, இதழின் வளைவு கையை விட்டுப் போகும். துணிதான் வேண்டும் என்றால் 280 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவிலான கெட்டி காட்டன் டக் கேன்வாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்யூப்களுக்கு வருவோம். பன்னிரண்டில் செங்காந்தளுக்கு வேலை ஐந்துக்குத்தான்: லெமன் எல்லோ, ஒரு அடர் மஞ்சள், ஒரு சிவப்பு, சாப் கிரீன் (இலைப் பச்சை), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு). சிவப்பை முன்பக்கப் பெயரை வைத்து வாங்கக் கூடாது. 'வெர்மிலியன்', 'ஸ்கார்லெட்', 'கிரிம்சன்' என்பதெல்லாம் கம்பெனி வைக்கிற பெயர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிறமி எண் இருக்கும். பி.ஆர். (PR, பிக்மென்ட் ரெட்) 254 என்றால் பைரோல் சிவப்பு, நன்றாக மறைக்கும், வெளிச்சத்தில் மங்காது. பி.ஆர். 112 என்றால் நாப்தால் சிவப்பு, அதுவும் சரிதான். பி.ஆர். 83 அலிசரின் கிரிம்சன். பார்க்க ஆழமாக இருந்தாலும் வெளிச்சத்தில் மெல்ல மெல்ல வெளுக்கும், உலரவும் மற்றவற்றைவிட நாளாகும். எண்ணே போடாத ட்யூபை ஹாலில் மாட்டப் போகிற படத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். பயிற்சிக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளில் பி.ஒய். (PY, பிக்மென்ட் எல்லோ) 3, பி.ஒய். 74 இரண்டும் மாணவர் தரத்தில் அதிகம் வருபவை, ஏமாற்றாதவை. பெயரோடு 'ஹியூ' என்று சேர்ந்திருந்தால் அசல் நிறமிக்குப் பதில் வேறு நிறமி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது குறையாகாது. அசல் மஞ்சள், சிவப்பு நிறமிகள் சிலவற்றில் இருக்கும் கேட்மியம் நச்சு உலோகம், அதைத் தவிர்க்க ஹியூ நல்ல வழி.

செட் பெயிண்டின் இன்னொரு தொல்லை, அது அளவுக்கு மீறி இளகியிருப்பது. ட்யூபை அமுக்கினால் முதலில் எண்ணெய் தனியாக வடியும், பிறகுதான் நிறம் வரும். வெட் ஆன் வெட்டில் கீழே இருப்பது கெட்டியாகவும் மேலே வைப்பது அதைவிட நெகிழ்வாகவும் இருந்தால்தான் மேல் நிறம் ஒட்டும். கீழேயே இளகிய பெயிண்ட் கிடந்தால் மேலே வைப்பது ஒட்டாது, இரண்டும் கலந்து சேறாகிவிடும். இதற்கு எளிய வழி உண்டு. பழுப்பு அட்டைத் துண்டில் மஞ்சளையும் சிவப்பையும் பிதுக்கி இருபது நிமிஷம் விட்டுவிடுங்கள். அதிகப்படி எண்ணெயை அட்டை குடித்துவிடும், சுற்றிலும் எண்ணெய் வளையம் தெரியும். பிறகு கத்தியால் வழித்துப் பேலட்டுக்கு மாற்றினால் பெயிண்ட் வெண்ணெய் மாதிரி நிற்கும். விலை கூடிய ட்யூபின் கெட்டியில் முக்கால்வாசி இப்படியே கிடைத்துவிடும்.

இப்போது இதழ். செங்காந்தளில் ஆறு இதழ், ஒவ்வொன்றும் ஒடுக்கமாக, ஓரம் நெளிநெளியாக. பூ தலைகீழாகத் தொங்கும், இதழ்கள் மட்டும் பின்னோக்கி மடங்கி மேலே எழும்பி நிற்கும். பென்சில் கோடு போதும், கரிக்கோடு வேண்டாம், கரித்தூள் மஞ்சளில் கலந்து பச்சையடிக்கும். பின்னணியை முந்தின நாளே அக்ரிலிக்கில் கரும்பச்சையாக அடித்து, பூ வரும் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுங்கள். ஆயில் பச்சை பக்கத்தில் ஈரமாக இருந்தால் மஞ்சள் ஒரு தடவை தொட்டாலே அழுக்காகும். சிவப்பு தொட்டால் பழுப்பாகும், திரும்பவே வராது. காய்ந்த அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும், அதில் ஆபத்தில்லை. காய்ந்த ஆயில் மேல் அக்ரிலிக் அடிப்பதுதான் உரியும்.

எண்ணெய் அடிப்பூச்சு கொடுத்த பிறகு 6 நம்பர் ஃபில்பர்ட் (தட்டையாக, நுனி வளைவாக இருக்கும்) பிரஷில் மஞ்சளை எடுத்து இதழ் முழுவதும் வையுங்கள். ஆறு இதழுக்கும் மஞ்சள் முடித்த பிறகே சிவப்பைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. சிவப்பில் துளி மஞ்சள் விழுந்தால் யாருக்கும் தெரியாது, மஞ்சளில் துளி சிவப்பு விழுந்தால் அந்தக் குவியலே ஆரஞ்சாகிவிடும். பிறகு வேறொரு பிரஷில் சிவப்பை எடுத்து, நுனியில் வைத்து அடிப்பக்கமாக இழுங்கள். நுனியில் முழு அழுத்தம், பாதி தூரம் வந்ததும் கையை மெல்லத் தூக்கிக்கொண்டே வர வேண்டும், அடிக்கு இரண்டு மூன்று செ.மீ. முன்னால் பிரஷ் போர்டை விட்டிருக்க வேண்டும். பிரஷில் சிவப்பு குறையக் குறையக் கீழே இருக்கும் மஞ்சள் ஏறிக்கொண்டு வரும், அந்த ஆரஞ்சு தானாக விழும். அதைப் பேலட்டில் கலந்து வைக்கவே கூடாது. கலந்து வைத்த ஆரஞ்சு ஒரே தட்டையாக இருக்கும், இழுபட்டு விழுந்த ஆரஞ்சில் மஞ்சள் நரம்புகள் ஓடும், பூவில் இருப்பதும் அதுதான். ஒரு இழுப்பு முடிந்ததும் பிரஷைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரே இடத்தை மூன்று தடவைக்கு மேல் இழுக்காதீர்கள். சரியில்லை என்று தோன்றினால் துணி சுற்றிய விரலால் அந்த இதழை அப்படியே துடைத்தெடுத்துவிட்டு மஞ்சளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எண்ணெய் அடிப்பூச்சின் பெரிய வசதியே இதுதான், வெள்ளைப் பூச்சில் துடைத்தால் கறை நிற்கும்.

ஓரத்து மஞ்சள் நெளிவு கடைசியில் வரும். லெமன் எல்லோவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நெகிழ்த்தி, 1 நம்பர் லைனர் (கோடு இழுக்கும் மெல்லிய) பிரஷால் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நெகிழ்வு போதவில்லை என்றால் கீழே உள்ள சிவப்பை லைனர் தோண்டி எடுத்துக்கொள்ளும், கோடு ரத்தக் கோடாகிவிடும். ஆறு கேசரமும் பூவின் அடியிலிருந்து நாலாபக்கமும் விரிந்து நிற்கும், நுனியில் மகரந்தப் பை குறுக்காக உட்கார்ந்திருக்கும். சூல்தண்டு நேராக வராது, ஏறக்குறைய செங்கோணமாக ஒரு பக்கம் மடங்கும். இந்த மடிப்பைப் பார்க்காமல் வரைந்தால் பூ செங்காந்தளாக இருக்காது, ஏதோ ஒரு லில்லியாகிவிடும். பார்த்து வரையக் கொடியைப் பறித்து வைப்பவர்கள் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், குடிக்கிற டம்ளரில் வைக்காதீர்கள். கிழங்கு முதல் விதை வரை எல்லாமே விஷம்.

பிரஷ்கள் பற்றிச் சுருக்கமாக: செட்டில் வருகிற ஃபில்பர்ட்டும் லைனரும் தேறும், மற்றவை மயிர் உதிரும். அடிப்பூச்சுக்கு வேண்டிய 2 இன்ச் பிரஷை வாங்குமுன் கையில் விரித்து உலுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று மயிருக்கு மேல் கையோடு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கழுவிய பிரஷைத் தின்னர் ஈரத்தோடு மறுபடி படத்தில் வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. அந்தத் துளித் தின்னர் சுற்றியுள்ள பெயிண்டை அறுத்துவிடும், அந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும். வேலை நடுவில் தின்னரே வேண்டாம், துணியால் துடைத்தால் போதும்.

துணிக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும், பெயிண்ட் உறிஞ்சுவதில் அதற்கு நிகர் இல்லை. வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள், சாயத் துண்டு எண்ணெயிலும் தின்னரிலும் சாயம் விடலாம். வெட்டு ஓரத்தில் பஞ்சு உதிரும், அந்த இழை ஈரப் பெயிண்டில் விழுந்தால் எடுக்கப்போய் இதழ் கெடும். ஓரத்தை உள்ளே மடித்துப் பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு வெளிவரும். குவித்து வைத்த துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் விரித்து வெளியே கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடி போட்ட டப்பாவில் அமுக்கி வையுங்கள். சித்திரை வெயிலில் ஷெட்டில் வைத்து வரைகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

உலர்வதில் இடமும் காலமும் கணக்கு. மெல்லிய சிவப்பு தொட்டால் ஒட்டாமல் இருக்கச் சுமார் ஒரு வாரம், தடித்த மஞ்சள் அதைவிடக் கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வருகிற புழுதி ஈரப் படத்தின் முதல் எதிரி. பொள்ளாச்சி, உடுமலை வாசிகள் அந்த மாதங்களில் ஜன்னலை அடைத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வரைவதே உத்தமம். முடித்த படத்தை முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து, கீழ் விளிம்பை நாலு விரல் தள்ளி வைத்தால் தூசி உட்காராது. பீரோவில் பூட்டி உலர்த்த வேண்டாம், இருட்டில் லின்சீட் படலம் மஞ்சளாகும். வெயில் நேராகப் படாத வெளிச்சமான அறை போதும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான். தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே உலர்வது நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஆக, பயிற்சிக்கு என்றால் செட் வாங்கலாம், போர்டையும் பெயிண்டையும் மேலே சொன்னபடி திருத்திக்கொள்ளுங்கள். ஒரு நல்ல படம்தான் நோக்கம் என்றால் செட்டை விட்டுவிட்டுத் தனி ட்யூப் எடுப்பதே லாபம். செட்டின் விலையை மொத்த மி.லி.யால் வகுத்துப் பாருங்கள், பன்னிரண்டு 9 மி.லி. ட்யூப் என்றால் 108 மி.லி. தான். அதில் இந்தப் பூவுக்கு வேலைக்காகிற ஐந்தை மட்டும் கூட்டினால் 45. கேமல் ஆர்ட்டிஸ்ட் வரிசையில் ஒரே ட்யூப் 40 மி.லி., வின்சர் அண்ட் நியூட்டனின் விண்டன் வரிசையில் 37 மி.லி. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு அந்த அளவில் வாங்கினால் 12×16 அளவில் பல பூக்கள் தாங்கும். பச்சையும் அம்பரும் சின்ன ட்யூபே போதும், தண்டுக்கும் இலை நுனியில் சுருளும் பற்றுக்கம்பிக்கும் மட்டும்தான் அவை. கடையில் பெட்டியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். "செட்டு வேண்டாமுங்கண்ணா, லூஸ் ட்யூப்பு காட்டுங்க, பின்னாடி நம்பர் பாக்கோணும்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சிவப்பில் 254 அல்லது 112 இருக்கிறதா என்று பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள். போர்டு மட்டும் இரண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்று எண்ணெய்ச் சொட்டுச் சோதனைக்கும் இதழ் இழுத்துப் பழகவும் போய்விடும்.